பின்னிஷ் வேற்றுமைகள்: நம் 'ஐ' உருபுக்கு அங்கே இணை எது?

பனிக்காலை

வணக்கம் நண்பர்களே. பின்லாந்தின் எஸ்போ நகரத்துக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று மாலை பின்னிஷ் வகுப்புக்குப் போகிறேன். உச்சரிப்பும் வினைச்சொற்களும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. வேற்றுமையில்தான் அப்படியே நின்றுவிட்டேன்.

வகுப்பில் பதினைந்து வேற்றுமைக்கும் ஓர் அட்டவணை கொடுத்தார்கள். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ் உருபை எழுதிக்கொண்டே வந்தேன். இல், இருந்து, கு, ஆல், உடன்... பாதிக்கு மேல் நன்றாகவே பொருந்தியது. 'ஐ' உருபுக்கு மட்டும் இணை கிடைக்கவில்லை.

போன வாரம் வீட்டுப்பாடத்தில் 'மாலையில் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்ற பொருளில் 'லுவென் கிர்யன்' என்று எழுதினேன். கிர்ய என்றால் புத்தகம். ஆசிரியை கடைசி 'ன்'னை அடித்துவிட்டு 'கிர்யா' என்று நெடிலாக்கினார். சரி, செயப்படுபொருள் என்றால் நெடில் போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த பயிற்சியில் 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கு 'ஒஸ்தின் கிர்யா' என்று எழுதினேன். இந்த முறை நெடிலை அடித்து 'ன்' போட்டுக் கொடுத்தார். இரண்டு வாக்கியத்திலும் புத்தகம் செயப்படுபொருள்தானே? எதை வைத்து முடிவு செய்வது? யாராவது விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னிஷ் சொற்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். 'பேங்க்' என்று சொல்லும்போது வருகிற அந்த இடைப்பட்ட ஒலிக்கும் அ, ஆ என்றே போட்டிருக்கிறேன். க, த, ப சொல்லின் நடுவில் தனியாக வந்தாலும் முதலெழுத்தைப் போல அழுத்திப் படியுங்கள். குறில் நெடில் மட்டும் எழுதியபடியே.

வடகரை

வாங்க பனிக்காலை. நான் ஒவ்லு நகரத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேராகப் போவதற்கு முன்னால் இட உருபுகளைப் பார்த்துவிடலாம். அவை பிடிபட்டால் பயம் பாதி போய்விடும்.

ஆறு உருபு, இரண்டு வரிசை. முதல் வரிசை 'உள்ளே' என்ற எண்ணம். தலொ என்றால் வீடு. தலொஸ்ஸ என்றால் வீட்டில், தலொஸ்த என்றால் வீட்டிலிருந்து, தலோன் என்றால் வீட்டுக்கு உள்ளே. இரண்டாவது வரிசை 'மேலே, அருகே, ஒருவரிடம்' என்ற எண்ணம். மத்தொ என்றால் தரைவிரிப்பு. மதொல்ல என்றால் விரிப்பின் மேல், மதொல்த என்றால் விரிப்பிலிருந்து, மதொல்லெ என்றால் விரிப்பின் மேலே போய். இருத்தல், நீங்குதல், சேர்தல் என்ற மூன்றும் இரண்டு வரிசையிலும் ஒரே ஒழுங்கில் வருகின்றன.

தலொன், தலோன் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது 'வீட்டின்', இரண்டாவது 'வீட்டுக்குள்'. குறில் நெடில் ஒன்றுதான் வேறுபாடு. துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். இது பல நாட்டுக்காரர்களுக்குக் காதிலேயே விழுவதில்லை. படம், பாடம், பட்டம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு முதல் நாளே கேட்கும். இந்தப் பலத்தை வைத்துத்தான் நான் வேற்றுமைக்குள்ளேயே நுழைந்தேன்.

இரண்டாவது வரிசைக்கு இன்னொரு வேலை உண்டு. 'என்னிடம் ஒரு நாய் இருக்கிறது' என்பதை 'மினுல்ல ஒன் கொய்ர' என்பார்கள். மினுல்ல என்றால் என்னிடம், ஒன் என்றால் இருக்கிறது, கொய்ர என்றால் நாய். 'நான் நாயை வைத்திருக்கிறேன்' என்கிற வினையே அந்த மொழியில் கிடையாது. நம்மைப் போலவே 'என்னிடம் இருக்கிறது'தான். அம்மாவுக்குப் போன் பண்ணுகிறேன் என்றால் 'ஸொய்தன் அய்டில்லெ'. 'அம்மாவுக்கு' என்பதன் கு-வும் அந்த 'ல்லெ'யும் சரிக்குச் சரி. இதையெல்லாம் பார்த்து நான் முதல் வருடம் ரொம்ப மகிழ்ந்தேன். அதே நம்பிக்கையில்தான் பிறகு நிறையத் தப்பும் செய்தேன்.

வன்னிக்குரல்

நான் துர்குவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். வடகரை அண்ணா சொன்ன அந்தத் தப்பு எனக்கு நன்றாக விளங்குகிறது. இட உருபிலேயே எங்கட தமிழும் அவர்களுடைய மொழியும் பிரிகிற இடங்கள் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை, மருந்து அலமாரியின் திறப்பை, அதுதான் சாவியை, காரில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். கூட வேலை செய்யும் அம்மாவிடம் 'உனொஹ்டின் அவய்மென் அவுதொஸ்ஸ' என்றேன். திறப்பைக் காரில் மறந்துவிட்டேன் என்று சொன்னதாக என் எண்ணம். அவர் யோசித்துவிட்டு, 'காருக்குள் இருக்கும்போது மறந்தாய், சரி. திறப்பு இப்போது எங்கே?' என்று கேட்டார். நான் 'அவுதோன்' என்று சொல்லியிருக்க வேண்டும். காருக்குள்ளே மறந்தேன் என்று, ஏதோ திறப்பு காருக்குள் போய்ச் சேருவது போல. அவர்கள் கண்ணில் மறந்து வைப்பதும் ஒரு போக்குத்தான். ஒரு பொருள் ஓரிடத்தில் தங்கிவிடுகிறது என்றால் அது அங்கே போய்ச் சேர்கிறது. வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்பதற்கும் 'யாயின் கொதீன்', வீட்டுக்குள்ளே தங்கினேன் என்றுதான் வரும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நாங்கள் கடையில் கோப்பி வாங்குகிறோம். அவர்கள் கடையிலிருந்து வாங்குகிறார்கள், கௌபஸ்த. பையில் கண்டெடுத்தேன் என்று சொல்ல மாட்டார்கள், பையிலிருந்து கண்டெடுத்தேன் என்பார்கள். பொருள் அங்கேயிருந்து என் கைக்கு வருகிறதல்லவா?

வைத்தியரிடம் போனேன் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். லாகரி என்றால் வைத்தியர். போவதற்கு 'லாகரீன்', போய் வந்ததற்கு 'லாகரிஸ்ஸ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் வைத்தியருக்கு உள்ளே! அந்த இடத்தில் வைத்தியர் ஆள் இல்லை, சிகிச்சை நடக்கிற இடம். அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கும்போது மட்டும் ஆளாகிவிடுவார், 'லாகரில்லெ' என்று வரும். தமிழில் ஆளுக்கு 'இடம்', இடத்துக்கு 'இல்' என்று பிரிக்கிறோமே, அந்தப் பிரிவினை அவர்களிடம் வேறு மாதிரிப் போகிறது.

அதனால் நான் உருபைத் தனியாகப் படிப்பதை விட்டுவிட்டேன். வினையோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

கணிமொழி

வன்னிக்குரல் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், ஹெல்சிங்கியில் மூன்று வருடம். எனக்கு அட்டவணைதான் கைகொடுத்தது. பின்னிஷ் ரொம்ப ஒழுங்கான மொழி. பெரும்பாலான உருபுகள் மாறுவதே இல்லை. அடிச்சொல்லில் அ, ஒ, உ போன்ற பின்உயிர் இருந்தால் ஸ்ஸ, 'பேங்க்' ஒலி போன்ற முன்உயிர் இருந்தால் அதே ஸ்ஸ கொஞ்சம் முன்னால் ஒலிக்கும். அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டே போகலாம்.

தலொய்ஸ்ஸனிகின். இதைப் பிரித்தால் தலொ, பன்மைக்கு இ, இல்லுக்கு ஸ்ஸ, 'என்' என்பதற்கு னி, 'உம்' என்பதற்கு கின். என் வீடுகளிலும். வீடு, கள், இல், உம் என்று நாம் அடுக்குகிற அதே வரிசை. 'என்' மட்டும் நமக்கு முன்னால் வருகிறது, அவர்களுக்கு உள்ளே வருகிறது. 'வீட்டிலா?' என்று கேட்க 'தலொஸ்ஸகொ?'. நம் ஆ-வினா எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் அவர்களுடைய கொ-வும் ஒட்டுகிறது.

இன்னொன்றும் பாருங்கள். ஸனொமத்த என்றால் சொல்லாமல். புஹுமத்த என்றால் பேசாமல். 'இல்லாமல்' என்ற பொருள் தருகிற வேற்றுமை உருபு வினையோடு ஒட்டி வருவது இது. ஒதொத்தமத்த என்ற சொல்லை அகராதியில் பார்த்த அன்று எழுந்து நின்றுவிட்டேன். ஒதொத்தா என்றால் காத்திருப்பது, எதிர்பார்ப்பது. ஒதொத்தமத்த என்றால் எதிர்பாராமல். தமிழில் எந்தப் பொருளில் சொல்கிறோமோ அதே பொருளில், அதே கட்டமைப்பில்.

இவ்வளவு ஒற்றுமை தற்செயலா? இரண்டு மொழிக்கும் உறவு ஏதும் உண்டா?

சொல்லதிகாரம்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மகள் பின்லாந்தில் இருக்கிறாள், இரண்டு கோடைக்காலம் அங்கே போய் இருந்திருக்கிறேன். பேத்தியோடு உட்கார்ந்து அவளுடைய பாடப்புத்தகத்தைப் படித்ததில் இந்த ஆர்வம் வந்தது.

தம்பி கணிமொழி, நீங்கள் கேட்டதைக் கால்டுவெல்லும் கேட்டிருக்கிறார். 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் சித்திய மொழிகள் என்று அன்று அழைக்கப்பட்ட கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். பின்னிஷும் அந்தக் கூட்டத்தில் அடங்கும். இன்றைய மொழியியலார் இந்த உறவை ஏற்பதில்லை. பின்னிஷ் யூரல் குடும்பம், எஸ்தோனிய மொழிக்கு நெருங்கிய சொந்தம், ஹங்கேரிய மொழிக்குத் தூரத்துச் சொந்தம். நம்முடையது வேறு குடும்பம். இரண்டும் ஒட்டுநிலை மொழிகள், உருபைப் பின்னால் அடுக்குகிறவை. ஒரே மாதிரிக் கட்டுகிற இரண்டு கொத்தனார்கள் அண்ணன் தம்பியாக இருக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்கிறேன். நமக்கு எட்டு, அவர்களுக்குப் பதினைந்து என்றதும் மலைக்க வேண்டாம். நாம் 'உடன்', 'இருந்து', 'மேல்', 'ஆக' ஆகியவற்றில் பலவற்றைச் சொல்லுருபு என்று வெளியே வைத்துவிட்டு எட்டு என்கிறோம். அவற்றையெல்லாம் உள்ளே இழுத்தால் நம் எண்ணிக்கையும் ஏறும். அவர்களிடமும் இந்தக் கணக்கு நிலையாக இல்லை. 2004-இல் வந்த அவர்களுடைய பெரிய இலக்கணம் செயப்படுபொருளுக்கென்று தனி உருபு நான், நீ, அவர் போன்ற மூவிடப் பெயர்களுக்கும் 'யார்' என்ற வினாவுக்கும் மட்டுமே உண்டு என்று முடிவு செய்கிறது. 'என்னை' என்பதற்கு மினுத், 'அவரை' என்பதற்கு ஹனெத். அம்மா பனிக்காலை, உங்கள் 'ஐ'க்கு நேர் இணை என்று இருப்பது அந்த 'த்' ஒன்றுதான். மற்ற பெயர்களுக்கு அது கிடையாது. அங்கே வேறு உருபுகள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அந்தப் பங்கில் ஒன்றுதான் உங்கள் ஆசிரியை நெடிலாக்கிய பார்ட்டிட்டிவ். அதன் பிறப்பு நமக்குச் சுவையான செய்தி. அதன் பழைய வடிவம் த, பழைய பொருள் நீங்கல். நம் ஐந்தாம் வேற்றுமையைப் போல, ஓரிடத்திலிருந்து பிரிவது. இன்றும் சில சொற்களில் அந்தப் பழம்பொருள் உறைந்து நிற்கிறது. கொதொவ என்றால் வீட்டிலிருந்து, கௌகா என்றால் தொலைவிலிருந்து. பிற்காலத்தில் 'காபியிலிருந்து கொஞ்சம்' என்பது 'கொஞ்சம் காபி' என்றாகி, அப்புறம் முழுமை இல்லாத எதற்கும் உரிய உருபாக வளர்ந்துவிட்டது. 'முழுவதும் அல்ல, அதிலிருந்து ஒரு பங்கு' என்ற இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதை வடகரை சொல்லட்டும்.

வடகரை

ஐயா சொன்ன அந்த 'ஒரு பங்கு' என்பதிலிருந்தே தொடங்குகிறேன். பனிக்காலை, இப்போது உங்கள் இரண்டு வாக்கியத்துக்கும் வருவோம்.

லுவென் கிர்யா. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். புத்தகத்தில் ஒரு பங்குதான் உங்கள் செயலுக்குள் வந்திருக்கிறது. மீதி இன்னும் இருக்கிறது. ஆகவே பார்ட்டிட்டிவ்.

ஒஸ்தின் கிர்யன். வாங்கிவிட்டீர்கள். புத்தகம் முழுவதும் கைக்கு வந்தாயிற்று, செயல் முடிந்தாயிற்று. பாதி வாங்குவது என்று ஒன்று இல்லை. ஆகவே ன்.

அப்படியானால் நீங்கள் முதலில் எழுதிய 'லுவென் கிர்யன்' தப்பா? இல்லை, அதுவும் சரியான வாக்கியம்தான். அதன் பொருள் வேறு: 'இந்தப் புத்தகத்தைப் படித்துவிடுவேன்.' படித்து முடிப்பேன் என்ற எதிர்காலம். பின்னிஷில் எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவம் கிடையாது. பெயரில் ஒட்டுகிற அந்த ஒரு 'ன்' எதிர்காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

கவனித்தீர்களா? நாம் வினையில் செய்வதை அவர்கள் பெயரில் செய்கிறார்கள். நமக்குப் 'படித்துக்கொண்டிருக்கிறேன்', 'படித்துவிட்டேன்' என்று துணைவினை இருக்கிறது. கொண்டிரு போட்டால் நடக்கிறது, விடு போட்டால் முடிந்தது. அவர்கள் வினையைத் தொடுவதில்லை. புத்தகத்தின் வாலை மாற்றுகிறார்கள். அட்டவணையில் 'ஐ'க்கு எதிரே என்ன எழுதுவது என்று தேடினீர்கள். தேட வேண்டிய இடம் அது இல்லை. கிர்யாவுக்கு எதிரே 'கொண்டிரு' என்றும், கிர்யனுக்கு எதிரே 'விடு' என்றும் எழுதுங்கள்.

எனக்கு இது புரிந்தது கரடிக் கதையில்தான். அம்முயின் கர்ஹுன் என்றால் கரடியைச் சுட்டுவிட்டேன், கரடி செத்துக் கிடக்கிறது. அம்முயின் கர்ஹுவ என்றால் கரடியை நோக்கிச் சுட்டேன். பட்டதோ படவில்லையோ, கரடி இன்னும் உயிரோடு இருக்கலாம். காட்டில் நிற்கிறவனுக்கு இந்த ஓர் எழுத்து எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

சில வினைகளுக்கு முடிவு என்பதே இல்லை. காத்திருப்பது, நேசிப்பது, அஞ்சுவது, உதவுவது. ஒதொதன் புஸ்ஸிய, பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். ரகஸ்தன் ஸினுவ, உன்னை நேசிக்கிறேன். இவற்றுக்குப் பெரும்பாலும் பார்ட்டிட்டிவ்தான். நேசித்து முடித்துவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லையே.

பனிக்காலை

வடகரை அண்ணா, இதைப் படித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'கொண்டிரு', 'விடு' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். ஒன்பது மாதத்தில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. தமிழ் தெரிந்தவருக்குத்தான் இப்படிச் சொல்லத் தோன்றும்.

ஒரு சந்தேகம். தமிழிலும் 'காபி குடித்தேன்', 'காபியைக் குடித்தேன்' என்று இரண்டு வகை உண்டே. உருபு இல்லாதது பார்ட்டிட்டிவ், உருபு உள்ளது ன் என்று வைத்துக்கொள்ளலாமா?

சொல்லதிகாரம்

வேண்டாம் அம்மா. அது அருகில் வரும், ஆனால் ஏமாற்றிவிடும். தமிழில் அஃறிணைக்கு 'ஐ' தொக்கி நிற்பதும் விரிந்து நிற்பதும் பெரும்பாலும் 'குறிப்பிட்ட அந்தப் பொருளா, ஏதோ ஒன்றா' என்பதைப் பொறுத்தது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று, 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிய ஒன்று. பின்னிஷில் இரண்டுக்குமே ஒஸ்தின் கிர்யன்தான். அதே போல 'அந்தக் காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதில் நமக்கு ஐ வந்தே தீரும். அவர்களுக்குக் கஹ்விய என்று பார்ட்டிட்டிவ் வரும். நம் ஐ பொருளைச் சுட்டுகிறது, அவர்களுடைய உருபு செயலின் அளவைச் சொல்கிறது.

கணிமொழி

சரி, இந்த இடத்தில் என் அட்டவணை உதவாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்ட்டிட்டிவ் வேறு இடங்களிலும் வருகிறது. அவற்றுக்கு விதி தெளிவாகவே இருக்கிறது. எதிர்மறை என்றால் யோசிக்கவே வேண்டாம். படித்து முடித்ததோ முடிக்காததோ, வாங்காத புத்தகம் கிர்யாதான். நாய் இல்லை என்றால் 'மினுல்ல எய் ஒலெ கொய்ரா'.

எண்ணுப்பெயருக்குப் பின்னும் அப்படியே. கக்ஸி கிஸ்ஸா நுக்கூ. இரண்டு பூனை தூங்குகிறது. பெயர் ஒருமை, வினையும் ஒருமை. எங்கள் வகுப்பில் இருந்த மற்ற நாட்டுக்காரர்கள் 'இரண்டு பூனைகள்' என்று பன்மை போட்டுப் போட்டுத் திருத்து வாங்கினார்கள். 'ரெண்டு பூனை தூங்குது' என்று பேசுகிற எனக்கு அதில் சிக்கலே வரவில்லை.

வன்னிக்குரல்

அடிச்சொல் மாறுவதைப் பற்றி யாரும் கதைக்கவில்லையே. புதிதாக வருகிறவர்களை அதுதான் அதிகம் வெருட்டுகிறது. கௌப்ப என்றால் கடை, கடையில் என்றால் கௌபஸ்ஸ. இரட்டை 'ப்ப' எங்கே போனது என்று தேடுவார்கள். துர்கு என்ற எங்கட நகரம் துருஸ்ஸ ஆகிவிடும், 'க்' காணாமலே போய்விடும். தண்ணி வெஸி, தண்ணியில் என்றால் வெடெஸ்ஸ, கொஞ்சம் தண்ணி என்றால் வெத்த.

வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில், மரம், மரத்தில் என்று நாங்களும் செய்கிறதுதானே? எங்களுக்கு உருபு ஏறும்போது எழுத்து இரட்டிக்கும், அவர்களுக்குப் பெரும்பாலும் இரட்டை ஒற்றையாகும். எதிர்த்திசை. ஆனால் ஒஸொய்தெ என்றால் முகவரி, முகவரியில் என்றால் ஒஸொய்த்தேஸ்ஸ. இங்கே எங்கட வீடு மாதிரியே இரட்டிக்கிறது.

வடகரை

நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று இருக்கிறது. ஹெல்சிங்கி. 'ஹெல்சிங்கியில்' என்று சொல்லும்போது அந்த 'க்' மெலிந்து முன்னால் இருக்கும் 'ங்'குக்குள் கரைந்துவிடும். ஹெல்ஸிங்ஙிஸ்ஸ. ங் இரட்டித்து நீளமாக ஒலிக்க வேண்டும். பலர் அங்கே ஒரு 'க'வைச் சேர்த்துவிடுவார்கள். நமக்கு 'அங்ஙனம்', 'இங்ஙனம்' என்ற சொற்கள் இருக்கின்றன. 'ங' வரிசையைப் பள்ளியில் படிக்கும்போது இதனால் என்ன பயன் என்று நினைத்திருப்போம். ஒருமுறை அங்ஙனம் என்று சொல்லிவிட்டு ஹெல்ஸிங்ஙிஸ்ஸ என்று சொல்லிப் பாருங்கள், அப்படியே வந்துவிடும்.

பனிக்காலை

சொல்லிப் பார்த்தேன், வருகிறது! ஊர்ப்பெயர் வந்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். எஸ்போஸ்ஸ, துருஸ்ஸ என்கிறோம். ஆனால் தம்பெரேல்ல, வந்தால்ல என்று 'மேலே' உருபு போடுகிறார்கள். ஊருக்கு உள்ளே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் என்ன வேறுபாடு?

வடகரை

பொருளில் வேறுபாடு கிடையாது, வழக்குத்தான். ஊர்ப்பெயரின் வாலில் முனை, ஆறு, மேடு என்று பொருள்படும் சொல் இருந்தால் பெரும்பாலும் 'ல்ல' வரும். ரொவனியெமெல்ல, ஸெய்னயொவெல்ல, ரீஹிமயெல்ல. வந்தா என்பது ஆற்றின் பெயரும்கூட. ஆனால் லஹ்தி என்றால் வளைகுடா, அதற்கு லஹ்டெஸ்ஸ என்று 'உள்ளே' உருபு. நாட்டுப் பெயர்களில் ரஷ்யா 'வெனயல்ல' என்று வெளியே நிற்கிறது, இந்தியா 'இந்தியஸ்ஸ' என்று உள்ளே நிற்கிறது. அந்தந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அதுதான் சரி. ஹெல்சிங்கியில் உள்ள உள்நாட்டு மொழிகளுக்கான நிறுவனம் இதற்குப் பட்டியலே வைத்திருக்கிறது. ஊர்ப்பெயரைக் கேட்கும்போதே உருபோடு சேர்த்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லதிகாரம்

நம் 'ஆக' பற்றி ஒரு குறிப்பு. அது அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஆசிரியராக இருக்கிறேன் என்றால் ஒபெத்தயன. ஆசிரியராக ஆனேன் என்றால் ஒபெத்தயக்ஸி. இருப்பது ஒன்று, மாறுவது ஒன்று. இந்த 'ன' உருபு ஒரு காலத்தில் 'இல்' போல இடத்தைக் குறித்தது. கொதொன, அதாவது வீட்டில் என்ற சொல்லில் அந்தப் பழைய வேலையை இன்றும் பார்க்கலாம். 'இதற்குப் பின்னிஷில் என்ன?' என்று கேட்கும்போது 'ஸுவொமெக்ஸி' என்கிறார்கள், பின்னிஷாக மாறினால் என்ன என்பது போல. பேத்தி என்னிடம் ஒவ்வொரு பொருளையும் காட்டி 'தமிலிக்ஸி?' என்று கேட்பாள். அவளுக்காகவே இந்த உருபு எனக்கு நெருக்கமானது.

கணிமொழி

அடைமொழியையும் சொல்லிவிடுகிறேன். நாம் 'இந்தப் பெரிய வீட்டில்' என்று கடைசியில் மட்டும் உருபு போடுகிறோம். அவர்கள் மூன்றுக்கும் போடுவார்கள்: தஸ்ஸ இஸொஸ்ஸ தலொஸ்ஸ. எனக்கு இன்றும் அவசரத்தில் முதல் இரண்டும் விட்டுப்போகும். 'இல்லாமல்', 'உடன்' என்ற பொருளில் வரும் கடைசி உருபுகளை இப்போதைக்குப் பார்க்கக்கூட வேண்டாம். பேச்சில் அவற்றுக்குப் பதில் இல்மன், கன்ஸ்ஸ என்ற தனிச்சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வன்னிக்குரல்

தங்கச்சி, இன்னொரு விஷயம். வகுப்பில் தலொஸ்ஸ என்று படித்துவிட்டு வெளியே வந்தால் தலொஸ் என்று கேட்கும். மினுல்ல முல்ல ஆகிவிடும். பயப்படாதீர்கள். 'வீட்டில்' என்று எழுதிவிட்டு 'வீட்ல' என்று கதைக்கிற எங்களுக்கு இது புதிதில்லை.

எங்கள் இல்லத்தில் ஒரு முதிய அம்மா இருக்கிறார். நான் இரவு விளக்கை அணைக்கும்போது ஒவ்வொரு நாளும் 'கீதொஸ் அவுஸ்த' என்பார். உதவிக்கு நன்றி. நாங்கள் 'கு' போடும் இடத்தில் அவர் 'இருந்து' போடுகிறார், உதவியிலிருந்து நன்றி. முதலில் இலக்கணமாகத்தான் கேட்டேன். இப்போது அந்த ஸ்த-வைக் கேட்டால், என் கையிலிருந்து ஏதோ ஒன்று அவரிடம் போய், அங்கிருந்து நன்றியாகத் திரும்பி வருகிறது என்று தோன்றுகிறது.

பனிக்காலை

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜில் இருந்த அட்டவணையைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் முழு வாக்கியங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். 'சாவியைக் காருக்குள்ளே மறந்தேன்', 'கடையிலிருந்து காபி வாங்கினேன்', 'கரடியை நோக்கிச் சுட்டேன்'. வினை எதைக் கேட்கிறதோ அதோடு சேர்த்து. நூலகத்திலிருந்து ஒரு சிறுவர் புத்தகம் எடுத்து வந்து, தினமும் இரவு இரண்டு பக்கம் படித்தேன். கணவர் என்ன செய்கிறாய் என்று கேட்டபோதெல்லாம் 'லுவென் கிர்யா' என்று சொன்னேன்.

முந்தாநாள் இரவு கடைசிப் பக்கம் வந்தது. நேற்று வகுப்பில் 'வார இறுதியில் என்ன செய்தீர்கள்' என்று எழுதச் சொன்னார்கள். 'லுயின் கிர்யன்' என்று எழுதினேன். ஆசிரியை அதில் எதையும் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் 'எந்தப் புத்தகம்?' என்று மட்டும் எழுதியிருந்தார்.

இப்போது பன்மை தொடங்கியிருக்கிறது. 'புத்தகங்களைப் படிக்கிறேன்' என்பதற்குக் கிர்யொய வருகிறது. தலொ மட்டும் தலொய என்றும், கொய்ர என்பது கொய்ரிய என்றும் ஏன் மாறுகிறது என்று வடகரை அண்ணா நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.